சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது: ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பீளமேட்டுக்காரன் | டிசம்பர் 9, காலை 9:14

வணக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் செகண்ட்ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். 2015 மாடல், 61,000 கிலோமீட்டர் ஓடியது. இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் தரவில்லை. ஆனால் ஒரு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் சைலன்சர் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எச்சில் துப்புவது போலத் தெறிக்கிறது. போர்ட்டிகோ தரையில் கருப்புக் கருப்பாகப் புள்ளி வேறு.

தினசரி ஓட்டம் மொத்தமே 4 கிலோமீட்டர்தான் ஒரு வழிக்கு. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே ஆபீஸ். சாயங்காலம் அதே வழியில் வீடு.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. பின்னால் குனிந்து பார்த்தார், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க, ஹெட்டை இறக்கணும்" என்றார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்டாம். அது போனால் இன்ஜினை ஆறவைக்கும் திரவமான கூலண்ட் உள்ளே கசிந்து சைலன்சர் வழியாக வருமாம். 24,000 ரூபாய் ஆகுமாம். வண்டி சூடேறவில்லை, இழுவையும் குறையவில்லை. வீட்டில் வேறு "அந்தக் காரை வாங்க வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது சாதாரணமா, இல்லை உண்மையிலேயே செலவு வந்துவிட்டதா?

டீசல்_தம்பி | டிசம்பர் 9, காலை 9:40

அண்ணா, என் வண்டியில் ஒரு நாளும் சொட்டியதில்லை. அப்படியென்றால் உங்களுடையதில் ஏதோ இருக்கிறது. இன்னொரு இடத்தில் காட்டிவிடுங்கள்.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 9, காலை 10:25

தம்பி, உன் வண்டி டீசல். அதை வைத்துப் பெட்ரோல் வண்டிக்குத் தீர்ப்பு எழுதாதே.

பீளமேட்டுக்காரரே, முதலில் அந்த 24,000-ஐப் பத்திரமாகப் பையிலேயே வையுங்கள். குளிர்காலக் காலையில் பெட்ரோல் வண்டி தண்ணீர் சொட்டவில்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம். முப்பத்தோரு வருடம் ஈரோட்டில் பட்டறை வைத்திருந்தவன் நான். டிசம்பர், ஜனவரி வந்தால் வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள்.

சொட்டுகிறதா என்று பார்ப்பதில் ஒன்றும் இல்லை. எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நாளைக் காலை அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டி வரை ஒரு நடை போய் வாருங்கள். போனதும் வண்டியை அணைக்காமல் இறங்கிப் பின்னால் போய் நில்லுங்கள். குழாய் உலர்ந்து, புகை கண்ணுக்குத் தெரியாமல் வந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி கூலண்ட். வண்டி இரவு முழுக்க ஆறிய பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலண்ட் டப்பாவில் இருக்கும் மட்டத்துக்கு நேராக ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஐந்து நாள் அதே நேரத்தில் பாருங்கள். மதியம் சூட்டில் பார்த்துவிட்டு ஏறியிருக்கிறது இறங்கியிருக்கிறது என்று பதறாதீர்கள், சூட்டில் கூலண்ட் விரியத்தான் செய்யும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. முகத்தில் அடிக்கும். என் பட்டறைப் பையன் ஒருவனுக்கு அப்படிக் கை வெந்திருக்கிறது.

பீளமேட்டுக்காரன் | டிசம்பர் 9, காலை 10:58

நன்றிங்க மாமா. ஆனால் ஒரு சந்தேகம். இன்ஜினுக்குள் தண்ணீர் கசியவில்லை என்றால், பிறகு இத்தனை தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? நேற்று சுமார் ஒரு டம்ளர் இருக்கும்.

வேதியியல்_டீச்சர் | டிசம்பர் 9, மாலை 5:32

பள்ளி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இது என் பாடம், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்தும் கசிவதில்லை. பெட்ரோல் எரியும்போது இன்ஜினுக்குள்ளேயே உண்டாகிறது. பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு எரியும்போது கார்பன் கார்பன் டை ஆக்ஸைடாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறிவிடும். வகுப்பில் ஆக்டேனை வைத்து இந்தக் கணக்கைப் போடுவேன். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். "அதெப்படி டீச்சர், போட்டதைவிட அதிகமா வருது?" என்று வருடாவருடம் ஒரு பிள்ளை கேட்கும். காற்றிலிருந்து வந்த ஆக்ஸிஜனின் எடைதான் அந்த மிச்சம்.

கடையில் விற்கும் பெட்ரோலில் பல பொருள்கள் கலந்திருப்பதால் ஆக்டேன் கணக்கு அப்படியே வராது. ஆனாலும் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 4 கிலோமீட்டருக்கு, ஊர் நெரிசலில், 300 மில்லி பெட்ரோல் செலவானால் 300 மில்லி தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. வெயில் காலத்திலும் இதே அளவுதான் போகிறது. ஆவியாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது அல்லவா? ஆவி மூடியில் பட்டு ஆறுகிறது, சொட்டாகிறது. சைலன்சரும் ஒரு நீளமான மூடிதான். பெட்ரோல் புகையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீராவி இருக்கும். குழாயின் சுவர் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை அந்த ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிவிடும். மே மாதத்தில் காலையிலேயே குழாய் 30 டிகிரியில் இருக்கிறது, சீக்கிரம் 50-ஐத் தாண்டிவிடுகிறது. டிசம்பர் மாதக் காலையில் 18-லிருந்து புறப்பட வேண்டும். அதனால்தான் இந்த ஒரு வாரமாக உங்களுக்குத் தெரிகிறது.

கருப்புப் புள்ளி, குழாய்க்குள் ஒட்டியிருந்த கரி தண்ணீரோடு கலந்து வருவது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் நாலு சொட்டு பிடித்து உலரவிட்டுப் பாருங்கள். பொடிபோலக் கரி மட்டும் மிஞ்சினால் ஒன்றுமில்லை. காகிதம் எண்ணெய்ப் பலகாரம் வைத்ததுபோல ஊடுருவித் தெரிந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது வேறு கதை.

டீசல்_தம்பி | டிசம்பர் 9, மாலை 6:05

டீச்சர், டீசலிலும் ஹைட்ரஜன் இருக்கிறதே. எனக்கு ஏன் சொட்டவில்லை?

வேதியியல்_டீச்சர் | டிசம்பர் 9, மாலை 6:21

நல்ல கேள்வி. டீசல் இன்ஜின் தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகக் காற்றை இழுக்கும், அதுவும் சும்மா நின்று ஓடும்போது. நீராவி அந்த மிச்சக் காற்றில் பரவி நீர்த்துவிடுகிறது. அதனால் கோவைக் குளிருக்கெல்லாம் அது சொட்டாகாது. ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், சொட்டலாம்.

சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்) இதற்கு நேர் எதிர். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர். புதிதாக சிஎன்ஜி வண்டி வாங்கியவர்கள் பயப்படுவதில் வியப்பே இல்லை.

லவ்டேல்_காற்று | டிசம்பர் 9, இரவு 8:47

ஊட்டியைக் கூப்பிட்டதால் வந்தேன். இங்கே டீசலும் சொட்டும், பெட்ரோலும் சொட்டும், வண்டி ஓட்டுகிறவன் மூக்கும் சொட்டும். உறைபனி விழுகிற காலையில் எந்த வண்டியைக் கிளப்பினாலும் பின்னால் வெள்ளைப் புகை மேகம்போல நிற்கும். சமவெளியிலிருந்து வரும் டூரிஸ்ட்கள் ஹோட்டல் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடுவார்கள். நம் வாயிலிருந்தும்தானே ஆவி வருகிறது, நமக்கென்ன கேஸ்கெட்டா போய்விட்டது?

எத்தனால்_எதிரி | டிசம்பர் 9, இரவு 10:12

எல்லோரும் மூடி மறைக்கிறீர்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பது ஊருக்கே தெரியும். டேங்கில் தண்ணீர் போகிறது, சைலன்சரில் வெளியே வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 10, காலை 6:50

நான் பட்டறை திறந்தபோது எத்தனாலும் கிடையாது, இ20-யும் கிடையாது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தண்ணீர் சொட்டியது.

வேதியியல்_டீச்சர் | டிசம்பர் 10, காலை 7:15

கணக்கே போட்டுவிடுவோம். ஒரு லிட்டர் எத்தனால் 789 கிராம். அது எரிந்தால் வருவது சுமார் 925 மில்லி தண்ணீர். பெட்ரோலும் லிட்டருக்கு ஒரு லிட்டர் பக்கம்தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தாலும் சைலன்சரில் வரும் தண்ணீர் மாறப்போவதில்லை. சொல்லப்போனால் ஒரு துளி குறையும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் டேங்கில் தண்ணீர் தேங்கினால் வண்டி திக்கும், ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், நடு ரோட்டில் நிற்கும். சமர்த்தாக ஓடிக்கொண்டே பின்னால் சொட்டாது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் என்னாகும் என்பதெல்லாம் நியாயமான கவலைகள். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள், நானும் உங்கள் கட்சியாக இருக்கலாம்.

இரண்டாம்_கியர் | டிசம்பர் 10, காலை 9:33

அப்பாடா! சேலத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே பிரச்சினைதான், பத்து நாளாகத் தூக்கம் இல்லை. இந்த இழையைப் படித்ததும் நிம்மதி. என் வண்டியிலும் தண்ணீர் சொட்டுகிறது, வெள்ளைப் புகை வருகிறது. சாதாரணம் என்று தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 10, காலை 9:51

ஒரு நிமிடம் இருங்கள், நன்றியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் புகை எவ்வளவு நேரம் வருகிறது? கூலண்ட் குறைகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்தால் நேராகப் பிடிக்கிறதா, இல்லை கொஞ்ச நேரம் நடுங்குகிறதா?

இரண்டாம்_கியர் | டிசம்பர் 10, மதியம் 1:20

புகை அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் வரும், குறிப்பாக சிக்னலில் நின்று எடுக்கும்போது. கூலண்ட் வாரத்துக்கு ஒரு டம்ளர் குறையும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று டிரைவர் சொன்னார், போர் தண்ணீர் ஊற்றிவிடுவேன். காலையில் முதல் பத்து செகண்ட் உதறும், அப்புறம் சரியாகிவிடும்.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 10, மதியம் 1:44

உங்களுடையதும் பீளமேட்டுக்காரருடையதும் ஒன்று இல்லை.

வெளியே எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைந்தால், அது உள்ளே எங்கோ போகிறது. இரவு வண்டி நிற்கும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் இறங்குகிறது. காலையில் அந்த சிலிண்டர் நனைந்திருப்பதால்தான் பத்து செகண்ட் உதறல். அப்புறம் ஓடஓட அது எரிந்து வெள்ளைப் புகையாக வெளியே போகிறது. குளிரில் வரும் ஆவி இரண்டடி போவதற்குள் மறைந்துவிடும். கூலண்ட் எரிந்த புகை கனமாக, வண்டி போன பிறகும் ரோட்டில் தொங்கும். மோந்தால் ஒருமாதிரி இனிப்பு வாசனை வரும்.

உடனே செய்ய வேண்டியது: டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) இழுத்துப் பாருங்கள், ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா என்று. (ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் நல்ல வண்டியிலும் ஈரம் சேர்ந்து அப்படி வரும்.) பிறகு நல்ல ஒர்க்‌ஷாப்பில் கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்ட், கம்ப்ரெஷன் டெஸ்ட் இரண்டும் கேளுங்கள். ஒரு நீலத் திரவத்தை வைத்து ரேடியேட்டர் வாயில் புகைவாயு வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். இதற்கெல்லாம் ஹெட்டை இறக்க வேண்டியதே இல்லை.

அதுவரை நீண்ட தூரம் போகாதீர்கள். மலை ஏறவே ஏறாதீர்கள்.

பழைய_இரும்பு | டிசம்பர் 10, மதியம் 2:30

எங்கள் காலத்தில் சொட்டும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இனித்தால் கூலண்ட். இத்தனை டெஸ்ட் எதற்கு?

வேதியியல்_டீச்சர் | டிசம்பர் 10, மாலை 5:40

தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். நாய், பூனை ருசி பிடித்து நக்கிச் சாவதே உண்டு. தரையில் கொட்டினால் உடனே கழுவிவிடுங்கள். சைலன்சரில் வரும் சாதாரணத் தண்ணீரும் குடிநீர் இல்லை. புகையில் உள்ள வாயுக்கள் கரைந்து லேசான அமிலமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மூடிய ஷெட்டிலோ அடித்தள பார்க்கிங்கிலோ இன்ஜினை ஓடவிட்டு இதையெல்லாம் பார்க்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டியைத் திறந்தவெளிக்கு எடுத்துவந்துவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள்.

ஸ்கார்பரோ_பனி | டிசம்பர் 10, இரவு 11:55

ரொறன்ரோவிலிருந்து. இங்கே மைனஸ் 15-இல் குழாய் நுனியில் ஐஸ் தொங்கும், முறித்துப் போட்டுவிட்டுக் காரை எடுப்போம். யாரும் கேஸ்கெட்டைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் வேலைக்கு 40 கிலோமீட்டர் ஹைவேயில் போகிறேன், மனைவி 3 கிலோமீட்டரில் உள்ள கடைக்கு மட்டும் போகிறார். இரண்டு கார்களும் ஒரே வருடம் வாங்கியவை. அவருடைய காரின் சைலன்சர் ஆறு வருடத்தில் துருப்பிடித்து விழுந்தது. என்னுடையது இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சூடாக்கினால் போதும் என்று நினைத்தோம், அது உதவவில்லை.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 11, காலை 6:35

இதைத்தான் நான் அடுத்துச் சொல்ல வந்தேன், கனடா தம்பி முந்திக்கொண்டார்.

மீட்டரில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தால் வண்டி சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்டின் சூடு. இன்ஜினுக்கும் கடைசி சைலன்சருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடிக் குழாய் இருக்கிறது, அது காற்றில் ஆறிக்கொண்டே வரும். முள் ஐந்து நிமிடத்தில் ஏறினாலும் பின் சைலன்சர் சுட இருபது நிமிடம் ஓட வேண்டும். நின்ற இடத்தில் உறுமவிட்டால் அவ்வளவு புகை வேகமும் சூடும் கிடைக்காது.

நாலு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் என்னாகும்? உண்டான தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சேரும். ஒரு வாரத்தில் சைலன்சர் குடம்தான். துரு உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும், ஒரு நாள் மேடு பள்ளத்தில் இடித்தால் பப்படம் மாதிரி உடையும். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், பேட்டரிக்கும் நல்லது.

பல சைலன்சர்களில் அடிப்பக்கம் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை ஒன்று கம்பெனியிலேயே போட்டு வரும். தண்ணீர் வடிவதற்கு. எல்லா மாடலிலும் இருக்காது. பீளமேட்டுக்காரரே, குனிந்து உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பீளமேட்டுக்காரன் | டிசம்பர் 11, இரவு 9:18

பார்த்தேன் மாமா. ஓட்டை இல்லை. ஆனால் சைலன்சரின் அடியில், பின்னோரத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறது. பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம்.

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 11, இரவு 9:30

ஹா! பழைய ஓனரோ அவருடைய மெக்கானிக்கோ "சைலன்சர் லீக்" என்று அதை அடைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நானே சின்ன வயதில் ஒன்றை அடைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தழும்பிலேயே 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள். நூறு, இருநூறு ரூபாய் வேலை. பின் சைலன்சரில் மட்டும்தான், முன்பக்கக் குழாயில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அங்கே ஓட்டை விழுந்தால் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் தப்பாக அளக்கும், விஷவாயு கேபின் பக்கம் வரும்.

வேளச்சேரி_படகு | டிசம்பர் 12, காலை 8:05

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நேற்று ராத்திரி மழையில் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். கார் சைலன்சர் முழுக முழுக நின்றது. இப்போது வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் தண்ணீர் தானாக வெளியே வந்துவிடுமா?

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 12, காலை 8:09

சாவியைத் தொடாதீர்கள்!

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 12, காலை 8:26

பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும், முதலில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சைலன்சரில் மட்டும் தண்ணீர் என்றால் ஆபத்து குறைவு. ஆனால் முட்டிக்கு மேல் என்கிறீர்கள், ஏர் ஃபில்டர் வழியாகவும் இன்ஜினுக்குள் போயிருக்கலாம். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதினால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் அப்படிப் போன இன்ஜின்கள் ஏராளம். நின்றிருந்தபோது சும்மா இருந்த வண்டியை, வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்தவர்கள் அதிகம்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று கதவில் தெரியும் கோட்டைப் போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள். பாலிசியில் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்களாக ஸ்டார்ட் செய்து கெட்டதென்றால் அவர்களிடம் பணம் வாங்குவது கஷ்டம்.

வேளச்சேரி_படகு | டிசம்பர் 12, காலை 8:31

நல்லவேளை கேட்டேன். டோ வண்டிக்குச் சொல்லிவிட்டேன் ஐயா.

கடைசி_பெஞ்ச் | டிசம்பர் 12, மதியம் 12:40

என் ஸ்ப்ளெண்டரிலும் வாட்டர் வாஷ் முடிந்து வந்த பிறகு சைலன்சரில் தண்ணீர் வருகிறது. எனக்கும் ஹெட் கேஸ்கெட்டா?

டீசல்_தம்பி | டிசம்பர் 12, மதியம் 12:52

ப்ரோ, அது காற்றில் ஆறும் இன்ஜின். கூலண்டே கிடையாது. இல்லாத கூலண்ட் எங்கிருந்து கசியும்? வாஷ் செய்தபோது குழாய்க்குள் தண்ணீர் அடித்திருப்பார்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், போய்விடும். (பார்த்தீர்களா மாமா, நானும் கற்றுக்கொண்டேன்.)

எத்தனால்_எதிரி | டிசம்பர் 12, இரவு 7:30

சரி, கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் மட்டுமே வருகிற வண்டியும் இருக்கிறதே? 2022 மார்ச்சில் நிதின் கட்கரி டொயோட்டா மிராயில் நாடாளுமன்றத்துக்கு வந்தாரே, அது.

வேதியியல்_டீச்சர் | டிசம்பர் 12, இரவு 8:02

ஆமாம், ஹைட்ரஜன் வண்டி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர். சேர்ந்த தண்ணீரை வேண்டிய இடத்தில் இறக்கிவிட அதில் தனியாக ஒரு பொத்தானே உண்டு, போர்ட்டிகோ நனையாமல் இருக்க. அந்த வண்டியைத் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் என்ன எஸ்டிமேட் வருமோ!

பீளமேட்டுக்காரன் | டிசம்பர் 15, காலை 10:10

எல்லோருக்கும் விவரம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டி போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது குழாய் நுனி பொட்டுத் தண்ணீர் இல்லாமல் உலர்ந்திருந்தது, புகையும் தெரியவில்லை. கூலண்ட் ஐந்து நாளும் பேனாக் கோட்டிலேயே நிற்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். காகிதத்தில் பிடித்துப் பார்த்ததில் கரிப்பொடி மட்டும்தான்.

ஓட்டை போடும் வேலையை வேறு ஒரு பட்டறையில் செய்தேன். டிரில் உள்ளே இறங்கியதும் ஒரு தேநீர்க் கெட்டில் அளவுக்குத் துருத் தண்ணீர் கொட்டியது, பையன் செருப்பெல்லாம் நனைந்துவிட்டது. 150 ரூபாய் வாங்கினார். சைலன்சர் அடித்தட்டு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் தாங்கும் என்றார். ஆக, செலவு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் 24,000 இல்லை.

காலையில் இப்போதும் சொட்டுகிறது. வீட்டில் கேட்டதற்கு இட்லிப் பானை விளக்கத்தைச் சொன்னேன். "அதான் இட்லித் தட்டுல துணி போடறோம், உங்க காருக்கும் ஒண்ணு போடுங்க" என்று பதில் வந்தது.

இரண்டாம்_கியர் | டிசம்பர் 27, இரவு 9:50

மாமா, மன்னித்துவிடுங்கள். டெஸ்ட் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஏற்காடு கூட்டிப்போனேன். பன்னிரண்டாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் எட்டுதானே என்று ஏற்றினேன். பதினைந்தில் வண்டி நின்றுவிட்டது, பானெட்டிலிருந்து ஆவி. கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, ஹெட்டே வளைந்துவிட்டதாம். லேத்தில் கொடுத்து ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பை மட்டமாகச் சீவுவது), கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்த்து 38,000. உள்ளே தண்ணீர் போகும் வழியெல்லாம் சேறு மாதிரித் துரு.

டீசல்_தம்பி | டிசம்பர் 27, இரவு 10:04

அடடா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

இரண்டாம்_கியர் | டிசம்பர் 27, இரவு 10:09

இல்லை தம்பி. மாமனார் மட்டும் இன்னும் பேசவில்லை.

மாமா, நாளை மறுநாள் வண்டி வருகிறது. இனி என்ன ஊற்ற வேண்டும்? போர் தண்ணீருக்குப் பதிலாக மினரல் வாட்டர் கேன் போதுமா?

ஸ்பேனர்_மாமா | டிசம்பர் 28, காலை 6:40

போதாது. போர் தண்ணீரில் இருக்கும் உப்புதான் உள்ளே சேறாகப் படிந்திருக்கிறது. கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். மேனுவலில் எந்த வகை கூலண்ட் போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வேறு வேறு வகை உண்டு. டப்பாவில் "ரெடி மிக்ஸ்" என்று இருந்தால் அப்படியே ஊற்றலாம். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக் கடையில் கிடைக்கும். ஊற்றுவதற்கு முன்னால் ரேடியேட்டரையும் பிளாக்கையும் நன்றாக ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள், கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை தினமும் காலையில் மட்டம் பாருங்கள். ஃபேஸிங் செய்த ஹெட்டில் கொஞ்சம் காற்று சிக்கியிருந்து இரண்டு மூன்று நாள் மட்டம் இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அதன் பிறகும் இறங்கினால் இங்கே எழுதுங்கள்.